முதுகுவலி: எந்த அறிகுறிக்கு எங்கே தேடுவது

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் பெரிய எம்.ஆர்.ஐ. கவரோடுதான் வருவார்கள். உட்காரும் முன்பே படத்தை நீட்டி, "ஜவ்வு வெளிய வந்துருச்சுன்னு சொல்லிட்டாங்க, டாக்டர்" என்பார்கள். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. கவரை மேசை ஓரமாக வைத்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்பேன். வலி எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கிறது? எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது? ராத்திரி தூங்க முடிகிறதா? பத்தில் எட்டுப் பேருக்கு அந்தப் படத்தைப் பிரிக்கவே தேவைப்படாது.

திருப்பூர்ப் பக்கம் என்பதால் ஓவர்லாக் மெஷினில் நாளெல்லாம் உட்காருகிறவர்கள், கட்டிங் டேபிளில் நின்றபடியே இருக்கிறவர்கள், பைக்கில் துணி மூட்டை கட்டிக்கொண்டு அலைகிறவர்கள் என்று ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வரும். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகிய வரிசைதான் இது. உங்கள் வலிக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போங்கள். அதற்கு முன் கீழே உள்ள முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## இவை இருந்தால் மேலே படிக்க வேண்டாம், கிளம்புங்கள்

சிறுநீர் முட்டுகிறது, ஆனால் போக வரவில்லை. அல்லது போவதே தெரியாமல் போகிறது. மலம் கழித்த பின் கழுவும்போது தொடு உணர்ச்சி இல்லை. சைக்கிள் சீட்டில் படும் இடம் முழுக்க மரத்துக் கிடக்கிறது. இரண்டு காலிலும் ஒரே சமயத்தில் வலியோ பலவீனமோ வருகிறது. முதுகுவலியோடு இதில் ஒன்று சேர்ந்தாலும் அது அவசரம். தண்டுவடத்துக்குக் கீழே குதிரைவால் மாதிரி தொங்கும் நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று அர்த்தம். 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று கணக்குப் போட்டு ஆபரேஷன் செய்ய வேண்டிய விஷயம் இது. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். நரம்பு அறுவை அல்லது எலும்பு அறுவைப் பிரிவும் எம்.ஆர்.ஐ. வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போக வேண்டும். "நாளைக்குக் காலையில் பார்த்துக்கலாம்" என்பது இங்கே செல்லாது.

மாடியிலிருந்து விழுந்தாலோ வண்டி மோதினாலோ வந்த முதுகுவலிக்கும் இதே விதிதான். ஆளைக் கை காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 1: குனிந்தவர் நிமிர முடியவில்லை

குடத்தைத் தூக்கினேன், கட்டிலை நகர்த்தினேன், ஒன்றுமே செய்யவில்லை, தும்மினேன், அவ்வளவுதான். இடுப்பு பிடித்துக்கொண்டது. வலி இடுப்பிலும் பிட்டத்திலும் நிற்கிறது, முழங்காலுக்குக் கீழே போகவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது: மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை வையுங்கள். பத்து நிமிஷத்தில் கொஞ்சமாவது தளர்கிறதா? தளர்ந்தால் பெரும்பாலும் தசையோ தசைநாரோ மூட்டோ பிடித்த வலி. இதற்கு இன்ன இடம்தான் காரணம் என்று எந்தப் படமும் துல்லியமாகக் காட்டாது, காட்டவும் தேவையில்லை.

செலவில்லாதது: வெந்நீர் ஒத்தடம், ஒரு தடவைக்கு 15, 20 நிமிஷம். நொச்சி இலை போட்டாலும் சரி, ரப்பர் பை ஆனாலும் சரி, வேலை செய்வது சூடுதான். முழு ஓய்வு ஒரு நாள், மிஞ்சிப் போனால் இரண்டு நாள். மூன்றாம் நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். நான் பார்த்ததில் இந்த இடத்தில்தான் நிறைய பேர் தப்புச் செய்கிறார்கள். பாயைப் போட்டு இரண்டு வாரம் படுத்துவிட்டு, பிறகு இடுப்புத் தசை தளர்ந்து, எழுந்த அன்றே மறுபடி பிடித்துக்கொண்டு வருவார்கள்.

இந்த நாட்களில் தரையில் உட்கார்ந்து எழுவதும் இந்தியக் கழிப்பறையில் குந்துவதும்தான் பெரிய பாடு. மேற்கத்தியக் கழிப்பறை இல்லையென்றால் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போதும். முக்காமல் இருப்பதும் முக்கியம். முக்கினால் டிஸ்கின் மேல், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வின் மேல், அழுத்தம் ஏறும்.

மாத்திரை: கடையில் "முதுகுவலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கும் அந்த இரண்டு மாத்திரைப் பொட்டலத்தில் பெரும்பாலும் டைக்குளோஃபெனாக் மாதிரி ஒரு வலி நிவாரணி இருக்கும். நான்கைந்து நாளைக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதயநோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாதக் கணக்கில் தானாகவே வாங்கிச் சாப்பிட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

எப்போது ஆளைத் தேடுவது: இரண்டு வாரத்தில் பாதியாவது குறையவில்லை என்றால் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் போய்விடும். பெல்ட் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பஸ்ஸில் போகும்போது, வேலை நேரத்தில், ஒரு வாரம் பத்து நாள் போடலாம். ஆறு மாதமாகக் கழற்றாமல் போட்டிருந்தால் அதைக் கழற்றுவதே தனியாக ஒரு சிகிச்சையாகிவிடும்.

## அறிகுறி 2: வலி காலில் இறங்குகிறது

முதுகைவிடக் கால்தான் அதிகம் வலிக்கும். பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்புறம் வழியாக, கெண்டைக்கால் தாண்டி, பாதம் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுக்கும். இருமினால் சுருக்கென்று காலில் குத்தும். சியாட்டிகா என்பது இதுதான். காரணம் பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று பிதுங்கி நரம்பு வேரைத் தொடுவது. ரிப்போர்ட்டில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று வரும்.

மிக எளிய காரணத்தை முதலில் விலக்குங்கள். பின்பாக்கெட்டில் தடியான பர்ஸ் வைத்து வண்டி ஓட்டுகிறீர்களா? அதை எடுத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். சிரிக்காதீர்கள், பர்ஸை எடுத்ததோடு வலி நின்று போனவர்கள் என்னிடமே மூன்று பேர்.

அடுத்து, கால் தூக்கும் சோதனை. மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்காமல் வலிக்கும் காலை இன்னொருவர் மெதுவாகத் தூக்கட்டும். 30 டிகிரிக்கும் 70 டிகிரிக்கும் நடுவில் முழங்காலுக்குக் கீழே வரை மின்னல் மாதிரி வலி ஓடினால் நரம்பு வேர் சம்பந்தப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். தொடையின் பின்புறம் மட்டும் இறுக்கமாக இழுத்தால் அது வெறும் தசை இறுக்கம்.

அதைவிட முக்கியம், பலம் பார்ப்பது. செருப்பைக் கழற்றுங்கள். குதிகாலை மட்டும் ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கியபடி பத்து அடி நடங்கள். ஒரு பாதம் தூக்க மாட்டேன் என்று தொங்குகிறதா? அடுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நுனிவிரலில் பத்து முறை எழும்புங்கள். நல்ல கால் பத்து எழும்பி, வலிக்கும் கால் மூன்றிலேயே நின்றுவிடுகிறதா?

*இரண்டும் செய்ய முடிகிறது என்றால்* பொறுமையாக இருக்க நேரம் இருக்கிறது. குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் எழுப்புங்கள், ஒரு நிமிஷம். இப்போது வலி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பாதத்தில் இருந்தது கெண்டைக்காலுக்கு, கெண்டைக்காலில் இருந்தது தொடைக்கு என்று மேலே ஏறி வந்தால் நல்ல சகுனம், இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் கூட. நாளைக்கு நான்கைந்து தடவை அதையே செய்யலாம். மாறாக வலி இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள். அந்தப் பயிற்சி உங்களுக்கு இல்லை. யூடியூப் பார்த்து "பேக் பெயினுக்கு ஏழு ஆசனம்" செய்பவர்கள் இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதி வம்பு மிச்சம். டிஸ்க் வலி உச்சத்தில் இருக்கும்போது முன்னால் குனியும் ஆசனம் எதுவும் வேண்டாம்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். பிதுங்கிய ஜவ்வை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக அரித்துச் சுருக்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், படத்தில் பார்க்கப் பயமாகப் பெரிதாக வெளியே வந்த துண்டுதான் பெரும்பாலும் நன்றாகச் சுருங்கும். "ஜவ்வை உள்ளே தள்ளி விடுகிறேன்" என்று முதுகில் ஏறி மிதிப்பவரிடம் கொடுக்கும் காசு வீண். உள்ளே தள்ளுவது என்று ஒன்று இல்லவே இல்லை.

*பாதம் தொங்குகிறது, அல்லது பலம் நாளுக்கு நாள் குறைகிறது என்றால்* காத்திருக்க வேண்டாம். ஒரு டெய்லர், நாற்பது வயசு இருக்கும், மூன்று வாரம் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்துவிட்டு வந்தார். அவர் படியேறிய சத்தமே சொல்லிவிட்டது: ஒரு கால் 'தட்', மறு கால் 'சரக்'. தேய்ந்த செருப்பின் முனையைக் காட்டி, "இதுவே ஒரு பக்கம் மட்டும் தேயுதுங்க, செருப்பு சரியில்லைன்னு நினைச்சேன்" என்றார். வலி குறைந்துவிட்டதால் குணமாகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். வலி குறைந்து பலவீனம் கூடுவது குணம் இல்லை, நரம்பு சோர்கிறது. அந்த வாரமே அறுவை மருத்துவரைப் பார்க்க அனுப்பினேன். பாதம் முக்கால்வாசி திரும்பியது, முழுசாக இல்லை.

செலவு கூடும் வரிசை: ஆறு வாரம் கழித்தும் கால் வலி தாங்கவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. அதன் பிறகு நரம்பு வேருக்குப் பக்கத்தில் ஸ்டீராய்டு ஊசி. இது சில வாரங்கள், சில மாதங்கள் மூச்சு விட இடம் கொடுக்கும், நிரந்தரம் இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாட்கள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசியாக நுண்ணோக்கி வழியாகப் பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கும் ஆபரேஷன். கால் வலிக்கு இது சீக்கிரம் கேட்கும். ஆனால் ஓரிரு வருஷம் கழித்துப் பார்த்தால், ஆபரேஷன் செய்தவர்களும் செய்யாமல் சமாளித்தவர்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். காலில் இறங்காத வெறும் இடுப்பு வலிக்கு இந்த ஆபரேஷன் சரிப்படாது.

## அறிகுறி 3: நடந்தால் கால் கனக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது

வயது அறுபதை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். தெருமுனை வரை போவதற்குள் இரண்டு காலும் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். ஏதாவது திண்ணையில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தால் மறுபடி நடக்கலாம். கோயில் பிராகாரம் சுற்ற முடியாது, ஆனால் சைக்கிள் மிதிக்க முடியும்! இதைச் சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள், "நடிக்கிறார்" என்பார்கள். நடிப்பு இல்லை. நரம்பு போகும் குழாய் வயதில் குறுகியிருக்கிறது. நிமிர்ந்தால் இன்னும் குறுகும், குனிந்தால் கொஞ்சம் விரியும். சைக்கிளில் குனிந்துதானே உட்காருகிறோம்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பு. பிரித்துப் பார்ப்பது சுலபம். உட்காராமல், குனியாமல், சும்மா நின்றாலே வலி போகிறதா? பாதம் சில்லென்று இருக்கிறதா? மேல்பாதத்தில் நாடித் துடிப்பு கிடைக்கவில்லையா? பீடி, சிகரெட், சர்க்கரை இருக்கிறதா? அப்படியானால் முதுகை விட்டுவிட்டு ரத்தக்குழாய் மருத்துவரைப் பாருங்கள்.

முதுகுதான் என்றால் நடையைப் பிரித்து நடப்பது, கைத்தடியோ தள்ளுவண்டியோ பிடித்துச் சற்றுக் குனிந்து நடப்பது, நிலைத்த சைக்கிள் மிதிப்பது எல்லாம் பல வருஷம் ஓட்டிவிடும். நூறு அடி கூட நடக்க முடியாத நிலை வந்தால் குழாயை விரித்துவிடும் ஆபரேஷன் நன்றாகவே பலன் தரும். எழுபது வயசில் எதற்கு என்று மகன்கள் தயங்குவார்கள். வயது மட்டும் அதற்குத் தடை இல்லை.

## அறிகுறி 4: காலையில் விறைப்பு, வேலை செய்யச் செய்யக் குறைகிறது

இது இளைஞர்களின் வலி. இருபது, முப்பது வயது. ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு மேல் வலி எழுப்பிவிடும். விடிந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு கட்டை மாதிரி இருக்கும். ஓய்வெடுத்தால் கூடும், குளித்து, நடந்து, வேலையில் இறங்கிவிட்டால் குறையும். வலது பிட்டம் ஒரு மாதம், இடது பிட்டம் ஒரு மாதம் என்று மாறி மாறி வலிக்கலாம். குதிகால் வலி, வெளிச்சம் பார்க்க முடியாதபடி கண் சிவந்து வலித்த கதை ஏதாவது இருந்தால் சந்தேகம் இன்னும் கூடுகிறது.

சாதாரண இடுப்பு வலி ஓய்வில் குறையும், இது ஓய்வில் கூடும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்காமல் விட்டதால் நாலு வருஷம் "டிஸ்க் பல்ஜ்" (ஜவ்வு பிதுக்கம்) என்று இழுவை சிகிச்சை வாங்கிய பையன் ஒருவன் வந்தான். அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்கிற வாத நோய். பார்க்க வேண்டியது எலும்பு டாக்டரை அல்ல, வாத நோய் நிபுணரை. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஹெச்.எல்.ஏ. பி27 ரத்தப் பரிசோதனைகள், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளுக்கு எம்.ஆர்.ஐ. என்று போகும். பி27 பாசிட்டிவ் என்பதாலேயே நோய் என்று ஆகாது. நோய் இல்லாத பலருக்கும் அது இருக்கும்.

சிகிச்சையில் தினசரி உடற்பயிற்சி மருந்துக்குச் சமம், நீச்சல் கிடைத்தால் அருமை. வலி நிவாரணிகள் மருத்துவர் கண்காணிப்பில் தொடர்ந்து. அதற்கும் அடங்காவிட்டால் அழற்சியை அடக்கும் பயாலஜிக் ஊசிகள். விலை அதிகம், போடும் முன் உள்ளுக்குள் டி.பி. ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சிகரெட்டை விட்டுவிட வேண்டும், இந்த நோயில் அது முதுகை இன்னும் வேகமாக இறுக்கும்.

## அறிகுறி 5: மாதக் கணக்கில் மந்தமான வலி, சாயங்காலம் அதிகம்

காலில் இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லை. திங்கள் மதியத்திலிருந்து ஆரம்பிக்கும். எங்கள் ஊரில் இதுதான் பெரும்பான்மை.

உட்காரும் ஸ்டூலைப் பாருங்கள். பாதம் முழுசாகத் தரையில் பதிகிறதா? தையல் மிஷினோ லேப்டாப்போ உங்களைக் குனிய வைக்கிறதா? பாதம் எட்டவில்லை என்றால் அதற்கு அடியில் இரண்டு செங்கல், முதுகுக்குச் சுருட்டிய துண்டு, நாற்பது நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து தண்ணீர் குடிப்பது. இதற்கே மூன்றில் ஒருவர் தேறிவிடுவார். வீட்டில் துடைப்பத்துக்கும் மாப்புக்கும் நீளமான கைப்பிடி வாங்குங்கள். தண்ணீர்க் குடம் எப்போதும் ஒரே இடுப்பில் ஏறுகிறதா என்பதையும் பாருங்கள்.

மெத்தை? "டாக்டர் தரையில படுக்கச் சொன்னாங்க" என்பது நாடு முழுக்கப் பரவிய உபதேசம். குழி விழுந்த பஞ்சு மெத்தையை மாற்ற வேண்டும், சரி. ஆனால் கல் மாதிரித் தரையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தைதான் நாள்பட்ட இடுப்பு வலிக்கு நல்லது.

இவை போதாதென்றால் வயிறு, பிட்டம், முதுகுத் தசைகளுக்கு மூன்று மாதம் பயிற்சி. மூன்று நாள் இல்லை, மூன்று மாதம். கூடவே வைட்டமின் டி, தைராய்டு ஒரு முறை பார்க்கலாம். உடம்பு முழுக்க எலும்பு வலிக்கிறது என்கிற பெண்களுக்கு டி குறைவு அடிக்கடி தட்டுப்படுகிறது. மசாஜ், கரண்ட் வைப்பது எல்லாம் வலியை இரண்டு மணி நேரம் மறக்க வைக்கும். நானும் வைக்கிறேன், ஆனால் அதற்காக மட்டும் தினமும் வரச் சொல்லும் இடத்தில் உங்கள் காசை வைக்காதீர்கள்.

## அறிகுறி 6: பாட்டிக்குத் திடீரென்று நடு முதுகில் வலி

மாதவிடாய் நின்று பல வருஷம் ஆனவர். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை ரொம்ப நாள் சாப்பிட்டவராகவும் இருக்கலாம். பாத்ரூமில் லேசாகச் சறுக்கியது, அல்லது அரிசி மூட்டையை நகர்த்தியது, அல்லது பஸ் ஒரு பள்ளத்தில் குதித்தது. அன்றிலிருந்து முதுகும் இடுப்பும் சேரும் இடத்தில் சுருக்கென்ற வலி. படுத்தால் தேவலை, எழுந்து நின்றால் உயிர் போகிறது. வீட்டில் "வாய்வு" என்று பெருங்காயம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எலும்பு பலமிழந்து முள்ளெலும்பு தானாகவே நசுங்கியிருக்கலாம். அந்த இடத்தை விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். அலறினால் சந்தேகம் உறுதி. சுவரில் குதிகாலை ஒட்டி நிற்க வையுங்கள். பின்தலை சுவரைத் தொடவில்லை என்றால், பழைய உயரத்தைவிட நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், இதற்கு முன்பும் சத்தமில்லாமல் எலும்பு நசுங்கியிருக்கக் கூடும். சுளுக்கு எடுப்பவரிடம் மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.

ஓர் எக்ஸ்ரே போதும் தொடங்குவதற்கு. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் வலி போனதோடு நிறுத்துவதுதான் தப்பு. அடுத்த எலும்பு உடையாமல் இருக்க, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, கால்சியம், வைட்டமின் டி-யோடு எலும்புக்கான மருந்து தொடங்க வேண்டும். வாரம் ஒரு மாத்திரை கொடுத்தால் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாயை அரிக்கும். வலி அடங்கவே இல்லை என்றால் நசுங்கிய எலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் முறை இருக்கிறது. எல்லோருக்கும் அது தேவையில்லை.

## அறிகுறி 7: படுத்தாலும் விடாத வலி, கூடவே காய்ச்சல் அல்லது மெலிவு

இந்தத் தலைப்பில் நானே சறுக்கியிருக்கிறேன். முப்பத்தைந்து வயதுப் பெண், முதுகின் நடுவில் வலி. இரண்டு வாரம் சூடு வைத்தேன். பதினான்காம் நாள் ரவிக்கை தளர்ந்து தொங்குவதைப் பார்த்துத்தான் "எடை குறைஞ்சிருக்காம்மா?" என்று கேட்டேன். "ஆமாங்க, சாயங்காலமானா லேசா குளிர் காய்ச்சலும் வருது, வேலை அசதின்னு விட்டுட்டேன்." முதுகெலும்புக் காசநோய். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதன் பிறகு எந்த முதுகையும் கேட்காமல் தொடுவதில்லை.

சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, பசியின்மை, எடைக் குறைவு, முதுகில் ஓர் எலும்பு மட்டும் புடைத்து நிற்பது. இதில் எது இருந்தாலும் ஈ.எஸ்.ஆர்., எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. உடனே. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும், அதை நம்பி விடக் கூடாது. ஊசி வழியாகத் துளி எடுத்துச் சோதித்து உறுதி செய்வார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். முதுகெலும்புக்குக் குறைந்தது ஒரு வருஷம் சாப்பிட வேண்டும். நான்காம் மாதம் நன்றாகிவிட்டது என்று நிறுத்துவது பெரிய ஆபத்து. பெரும்பாலானோருக்கு மாத்திரையே போதும். சென்னையில் நடந்த ஆய்வுகளே இதை உலகத்துக்குக் காட்டியவற்றில் முக்கியமானவை. கால் பலவீனமானாலோ எலும்பு சரிந்து கூன் விழுந்தாலோ ஆபரேஷன்.

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு என எங்காவது புற்றுநோய்க்கு முன்பு சிகிச்சை பெற்றவர்களுக்குப் புதிதாக முதுகுவலி வந்தால், அது எவ்வளவு லேசாக இருந்தாலும் அந்தப் புற்றுநோய் மருத்துவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

## அறிகுறி 8: கழுத்து வலி, கை மரத்தல்

கழுத்து மட்டும் வலித்தால் தலையணை இரண்டை ஒன்றாக்குவது, போனைக் கண் மட்டத்துக்குத் தூக்குவது, ஒத்தடம். பெரும்பாலும் முடிந்தது கதை.

கையில் இறங்கினால் வலிக்கும் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துப் பாருங்கள். சுகமாக இருந்தால் கழுத்து நரம்பு. ராத்திரி பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்து எழுப்பி, கையை உதறினால் சரியாகிறது என்றால் கழுத்தை விடுங்கள், அது மணிக்கட்டில் நரம்பு நெரிவது. தையல்காரர்கள், சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்குச் சகஜம். ராத்திரி மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் ஒரு ஸ்பிளின்ட் கட்டினாலே பாதி குறையும்.

கவலைப்பட வேண்டியது வலியே அதிகம் இல்லாத ஒரு வகை. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. சில்லறை எண்ணினால் நழுவுகிறது. நடக்கும்போது செருப்பு காலை விட்டுக் கழன்று போனது நாலடி தள்ளித்தான் தெரிகிறது. பத்து நொடியில் கையை இறுக மூடி முழுசாகத் திறக்கச் சொல்லி எண்ணுங்கள். இருபதுக்குக் கீழே என்றால் சந்தேகம். கழுத்தில் தண்டுவடமே அழுந்துகிறது. இதற்குப் பயிற்சியோ இழுவையோ கிடையாது. முதுகெலும்பு அறுவை மருத்துவரை அந்த வாரமே பார்க்க வேண்டும். ஆபரேஷன் பெரும்பாலும் கெட்டது மேலும் கெடாமல் நிறுத்தத்தான், அதனால்தான் சீக்கிரம் என்கிறோம்.

சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தை "டக்" என்று நெட்டி முறிக்கும் அந்தச் சேவையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு.

## அறிகுறி 9: முதுகு வலிக்கிறது, ஆனால் கோளாறு முதுகில் இல்லை

எப்படித் திரும்பினாலும், குனிந்தாலும், நிமிர்ந்தாலும் வலியில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் முதுகுக்கு வெளியே தேடுங்கள்.

விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு அலை அலையாக வந்து, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் உருள வைத்தால் சிறுநீரகக் கல். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்களுக்கு வழக்கம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு பக்கம் மட்டும் பட்டை போட்ட மாதிரி எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் கிளம்பினால் அக்கி. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். தோள்பட்டைகளுக்கு நடுவில் அழுத்தம், வேர்வை, மூச்சு முட்டல் என்றால் முதலில் ஈ.சி.ஜி.; தைலம் அப்புறம். வயதானவர், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவருக்கு முதுகு கிழிவது மாதிரி திடீர் வலி வந்தால் 108.

## அந்தக் கவர் விஷயம்

முதுகுவலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. டிஸ்க் பல்ஜ் இருபதிலேயே 30 சதவீதம். நரைமுடி மாதிரி. ஆகவே ரிப்போர்ட்டில் "பல்ஜ்" என்று பார்த்தவுடன் பயந்து வேலையை விடாதீர்கள். படம் சொல்லும் இடமும், கால் மரக்கும் இடமும், பலம் குறைந்த தசையும் ஒரே நரம்பைக் காட்டினால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பழைய படங்கள் எல்லாம், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, தேதி வாரியாக வலி எங்கே இருந்தது என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். ஆபரேஷன் என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது என் கால் வலிக்கா, முதுகு வலிக்கா?" "மூன்று மாதம் தள்ளிப்போட்டால் என்ன கெடும்?" முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்த ஆபரேஷன் அதில் வருமா என்று வார்டுக்குப் போகும் முன்பே காப்பீட்டுக் கவுன்டரில் விசாரித்துவிடுங்கள்.